கரியில் வடித்த பத்தியம்

பத்தியம் நமக்குப் புதிதல்ல. மஞ்சள் காமாலைக்கு ஒன்று, பிள்ளை பெற்றவளுக்கு ஒன்று, சித்த மருந்து சாப்பிடும் மண்டலத்துக்கு ஒன்று என்று எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு பத்தியம் பழக்கத்தில் இருந்திருக்கிறது. அவையெல்லாம் சில நாளோ சில வாரமோ மருந்துக்குத் துணையாக இருப்பவை. பத்தியமே மருந்தாகி, பிறந்த இரண்டாம் வாரத்தில் தொடங்கி ஆயுள் முழுக்கத் தொடர வேண்டிய பத்தியமும் ஒன்று உண்டு. அதன் சுவடு நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. ஆஸ்பர்டேம் சேர்த்த இனிப்பு மாத்திரை டப்பாவையோ டயட் கோலா பாட்டிலையோ திருப்பிப் பாருங்கள். ‘ஃபினைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு உகந்ததல்ல’ என்ற பொருளில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். கோடிக்கணக்கானோர் படிக்காமல் கடந்துபோகும் அந்த வரிக்குப் பின்னால் நூறாண்டுக் கதை இருக்கிறது.

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். புரதம் என்பது இருபது வகை மணிகளைக் கோத்த மாலை. அந்த மணிகளுக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர். அவற்றில் ஒன்று ஃபினைல்அலனின். நாம் உண்ணும் பருப்பு, பால், முட்டை, அரிசி என எல்லாவற்றிலும் அது உண்டு. உடல் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை ஈரலில் உள்ள ஒரு நொதியால் டைரோசின் என்ற வேறோர் அமினோ அமிலமாக மாற்றிவிடும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்ற குழந்தைக்கு அந்த நொதி வேலை செய்யாது. ஃபினைல்அலனின் இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போய், வளரும் மூளையைச் சிதைக்கும். பிறக்கும்போது குழந்தை எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் இருக்கும். சில மாதங்களில் வளர்ச்சி பின்தங்கத் தொடங்கும். இதுதான் ஃபினைல்கீட்டோனூரியா, சுருக்கமாக பி.கே.யு. ஐரோப்பாவில் ஏறக்குறைய பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது.

உடலின் வேதியியலே பரம்பரையாகப் பிசகக்கூடும் என்பதை முதலில் கண்டவர் லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்டு காரட். சிறுநீர் கறுத்துப்போகும் அல்காப்டோனூரியா என்ற அரிய கோளாறை ஆராய்ந்து 1902இல் அவர் எழுதிய கட்டுரை ஒரு விந்தையான செய்தியைச் சொன்னது: இந்தக் குழந்தைகளின் பெற்றோர்களில் பலர் ஒன்றுவிட்ட உறவில் மணந்தவர்கள். மெண்டலின் பட்டாணி விதிகள் அப்போதுதான் மறுபிறவி எடுத்திருந்தன. அந்த விதி மனிதருக்கும் பொருந்தும் என்பதற்கான முதல் சான்றுகளில் ஒன்றாக அது அமைந்தது. காரட் இத்தகைய கோளாறுகளைப் பற்றி 1908இல் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். மருத்துவ உலகம் மரியாதையாகக் கேட்டுவிட்டு மறந்துபோனது.

அதை மீண்டும் நினைக்க வைத்தவர் ஒரு தாய். நார்வேயைச் சேர்ந்த போர்க்னி எகெலாந்துக்கு ஒரு மகள், ஒரு மகன். இருவருக்குமே மனவளர்ச்சி இல்லை. இருவர் உடலிலும் ஒருவிதப் பூஞ்சை வாடை. ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகளும் ஏன் இப்படி என்று அவர் மருத்துவர் மாற்றி மருத்துவராகக் கேட்டுக்கொண்டே இருந்தார். 1934இல் ஆஸ்லோவில் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் வந்து சேர்ந்தார். ஃபோலிங் மருத்துவம் படிக்கும் முன் வேதியியல் படித்தவர் என்பது இந்தக் கதையின் முதல் நல்ல தற்செயல். குழந்தைகளின் சிறுநீரில் அவர் ஃபெரிக் குளோரைடைச் சொட்டினார். நீரிழிவுக்காரர்களுக்கு வழக்கமாகச் செய்யும் சோதனைதான் அது. சிவந்த பழுப்பு வர வேண்டும், இல்லையென்றால் நிறம் மாறாமல் இருக்க வேண்டும். வந்ததோ கரும்பச்சை. மருந்துகளின் வேலையோ என்று எல்லா மருந்தையும் ஒரு வாரம் நிறுத்தச் சொல்லி மீண்டும் சோதித்தார். மீண்டும் பச்சை. தாய் சளைக்காமல் கொண்டுவந்து கொடுத்த ஏறக்குறைய 22 லிட்டர் சிறுநீரிலிருந்து அந்தப் பச்சைக்குக் காரணமான ஃபினைல்பைருவிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பிறகு மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்களில் 430 பேரைச் சோதித்ததில் மேலும் எட்டுப் பேரிடம் அதே பச்சை தெரிந்தது.

அந்த நேரத்தில் உலகின் மறுபக்கத்தில் இன்னொரு தாயும் விடை தேடிக்கொண்டிருந்தார். சீனாவில் வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் பேர்ல் பக்கின் மகள் 1920இல் அங்கேதான் பிறந்தாள். பேச்சும் படிப்பும் வராத அவளை அமெரிக்காவில் ஓர் இல்லத்தில் சேர்க்கப் பெரும் பணம் தேவைப்பட்டது. பக் நாவல் எழுதிச் சம்பாதிக்க முனைந்ததற்கு அந்தத் தேவையும் ஒரு காரணம். 1931இல் ‘நல்ல நிலம்’ வந்தது. 1938இல் நோபல் பரிசு வந்தது. 1950இல் அவர் தம் மகளைப் பற்றி வெளிப்படையாக ஒரு நூல் எழுதினார். இத்தகைய குழந்தைகளை வீட்டுக்குள் மறைத்த காலத்தில் அது பெரிய துணிச்சல். மகளுக்கு இருந்தது பி.கே.யு. என்பது அதற்கும் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது.

நோயைக் கண்டுபிடித்த கையோடு அதற்குத் தவறான ‘தீர்வு’ சொன்னவர்களும் இருந்தார்கள். மரபுக் குறைபாடு உள்ளவர்களைப் பெருகவிடாமல் தடுக்க வேண்டும் என்ற இனத்தூய்மை வாதம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓங்கியிருந்த காலம் அது. லண்டன் மரபியலாளர் லயனல் பென்ரோஸ், இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் தம் பேராசிரியர் பதவியேற்பு உரைக்கு எடுத்துக்கொண்ட பொருளே பி.கே.யு.தான். அவர் கணக்குப்படி, இந்த மரபணுவைச் சுமப்போர் நூற்றுக்கு ஒருவர் அளவில், எந்தக் குறையும் இல்லாமல் நடமாடுகிறார்கள். ஒரு சில நோயாளிகளைத் தவிர்ப்பதற்காக அத்தனை பேரையும் மலடாக்குவீர்களா என்று கேட்டார். மரபணுவை ஒழிப்பது வழியல்ல என்றாகிவிட்டது. அப்படியானால் உணவை மாற்ற முடியுமா?

இங்கேதான் கதை எதிர்பாராத திசையில், பஞ்சத்தின் பக்கம் திரும்புகிறது. அமிலத்தாலோ நொதியாலோ புரதத்தை முன்கூட்டியே உடைத்து அமினோ அமிலக் கரைசலாகத் தந்தால், செரிமானம் அற்றுப்போன உடலும் ஏற்கும் என்று அந்நாள் மருத்துவர்கள் நம்பினார்கள். 1943 வங்கப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய் மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1945இல் ஜெர்மனியின் பெல்சன் வதைமுகாம் விடுவிக்கப்பட்டபோது அங்கேயும் கொண்டுபோனார்கள். பட்டினியின் விளிம்பில் இருந்தவர்கள்கூட அதன் நாற்றமும் கசப்பும் தாங்காமல் ஒதுக்கினார்கள். பஞ்ச நிவாரணத்துக்கு அது உதவவில்லை. ஆனால் மணிகளைத் தனித்தனியே உதிர்த்த மாலை ஒன்று மருத்துவமனைச் சரக்கறைக்கு வந்துவிட்டது. அதிலிருந்து வேண்டாத மணியை மட்டும் பொறுக்கி எறிவது இனி சாத்தியம்.

அதைச் சொன்னவர் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையின் வேதியியலாளர் லூயி வுல்ஃப். பால்புரதமான கேசீனை உடைத்த கரைசலைச் செயலூட்டிய கரியின் வழியே வடித்தால், கரி ஃபினைல்அலனினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே டைரோசினையும் ட்ரிப்டோஃபேனையும் பிடித்துக்கொள்ளும். அவற்றைத் திரும்பக் கலந்துவிட்டால், ஃபினைல்அலனின் அநேகமாக இல்லாத உணவு கையில். அவர் பணியாற்றிய இடத்தில் இந்த யோசனைக்கு முதலில் வரவேற்பு இல்லை. பிறவியிலேயே வந்த மூளைக் கோளாறு சாப்பாட்டில் தீருமா என்பதே பெரியவர்களின் எண்ணம்.

யோசனை பர்மிங்காமுக்குப் பயணமானது. அங்கே குழந்தைகள் மருத்துவமனையில் ஜெர்மனியிலிருந்து வந்த ஹோர்ஸ்ட் பிக்கல் என்ற இளம் மருத்துவர் இருந்தார். ஏறக்குறைய இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு பி.கே.யு. என்று அவர் கண்டறிந்தார். நிற்கவோ நடக்கவோ பேசவோ முடியாமல், ஓயாமல் அழுது, தலையை முட்டிக்கொள்ளும் குழந்தை. நோயை நிரூபித்த வண்ணத்தாளைப் பெருமையோடு தாயிடம் காட்டினார் பிக்கல். தாய்க்கு அது தேவைப்படவில்லை; என் பிள்ளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதே அவர் கேள்வி. காலைதோறும் ஆய்வகத்தின் முன் வந்து நின்று அதையே கேட்டார். அந்த நச்சரிப்பு தாங்காமல்தான் பிக்கலும் ஜான் ஜெரார்டும் வேதியியலாளர் ஈவ்லின் ஹிக்மன்ஸும் வுல்ஃபின் யோசனையைக் கையில் எடுத்தார்கள். குளிர் அறையில் கரி நிரப்பிய குழாய்களில் கேசீன் கரைசலைச் சிறிது சிறிதாக வடித்து அந்த உணவைத் தயாரித்தார்கள்.

சில மாதங்களில் குழந்தை தவழ்ந்தது, நின்றது, நடக்கத் தொடங்கியது. தலைமுட்டல் நின்றது. வெளிறிய முடிகூடக் கறுத்தது; முடிக்கு நிறம் தரும் பொருள் டைரோசினிலிருந்தே உருவாகிறது என்பதால். இது உணவின் வேலைதானா என்ற ஐயத்தைத் தீர்க்க, தாய்க்குத் தெரிவிக்காமல் உணவில் ஃபினைல்அலனினைச் சேர்த்தார்கள். சில மணி நேரத்திலேயே அழுகையும் முட்டலும் திரும்பின. இன்றைய ஆய்வு நெறிகள் இதை அனுமதிக்கா. ஆனால் உலகம் நம்பியது இதனால்தான். 1953இல் ‘லான்செட்’ இதழில் அந்த முடிவுகள் வெளியாயின. உணவால் ஒரு பரம்பரை மூளைநோயைத் தடுத்து நிறுத்தலாம் என்று உறுதியானது.

வணிகர்கள் வந்தார்கள். 1958இல் அமெரிக்காவின் மீட் ஜான்சன் நிறுவனம் ‘லோஃபெனலாக்’ என்ற பொடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அரசு அதை முதலில் மருந்து என்றே வகைப்படுத்தியது; 1972இல்தான் சிறப்பு உணவு என்று மாற்றியது. கேட்பதற்கு அலுவலக விவகாரம்போல் இருந்தாலும், பெற்றோருக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி. மருந்து என்றால் காப்பீடு கொடுக்கும். உணவு என்றால் பல இடங்களில் கொடுக்காது. அந்த வழக்கு இன்றும் பல நாடுகளில் ஓயவில்லை.

உணவு வந்தது, ஆனால் நேரம் தவறியது. மூளை சிதைந்த பிறகு உணவு கொடுத்தால் பாதிப் பயன்கூட இல்லை. 1957இல் கலிஃபோர்னியாவில் வில்லர்டு சென்டர்வால் குழந்தை நனைத்த சிறுநீர்த் துணியில் ஃபெரிக் குளோரைடைச் சொட்டிப் பார்க்கும் எளிய வழியைச் சொன்னார். ஆனால் சிறுநீரில் பச்சை தெரியப் பல வாரங்கள் ஆகும். முதல் வாரத்திலேயே நோயைக் காட்டும் வழி புற்றுநோய் ஆய்வகம் ஒன்றிலிருந்து வந்தது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் இருந்த நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கத்ரியின் மகன் மனவளர்ச்சி குன்றியவன்; ஆனால் அவனுக்கு பி.கே.யு. இல்லை. 1958இல் அவர் மனைவியின் சகோதரி மகளுக்கு, காலம் கடந்தபின், பி.கே.யு. என்று தெரியவந்தது. புற்றுநோயாளிகளின் இரத்தத்தைப் பாக்டீரியாவை வைத்து அளக்கும் முறை கத்ரிக்குக் கைவந்திருந்தது. அதையே திருப்பிப் போட்டார். ஒரு தடுப்புப் பொருளால் வளரமுடியாமல் அடங்கிக் கிடக்கும் பாக்டீரியா, ஃபினைல்அலனின் கிடைத்தால் வளரும். குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தை வடிதாளில் உலர்த்தி, அதில் ஒரு வில்லையை வெட்டி அந்தத் தட்டில் வைத்தால், மறுநாள் வில்லையைச் சுற்றி வளையம் எழும். வளையம் பெரிதானால் ஆபத்து.

வடிதாள்தான் இதில் பெரிய புரட்சி. ஊசிக்குழல் வேண்டாம், பனிக்கட்டி வேண்டாம். உறையில் போட்டு அஞ்சலில் அனுப்பலாம். 29 அமெரிக்க மாநிலங்களில் ஏறக்குறைய நான்கு லட்சம் குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 1963இல் மாசசூசெட்ஸ் சோதனையைச் சட்டமாக்கியது. 1966இல் அயர்லாந்து நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. இடையில் ஒரு விலைப்போரும் நடந்தது. ஐநூறு சோதனைகளுக்கான பொருளைக் கத்ரி ஆறு டாலரில் தயாரித்தார்; உரிமம் பெற்ற நிறுவனம் 262 டாலர் விலை வைத்தது. கத்ரி போராடி அந்தத் தனியுரிமையை நீக்க வைத்தார். அவருடைய வடிதாளைப் பிறரும் எடுத்துக்கொண்டார்கள். 1970களில் கனடாவின் ஜான் டுசோ அதே உலர்ந்த சொட்டில் தைராய்டு குறைபாட்டைக் கண்டறிந்தார். இன்று ஒரே சொட்டில் பல பத்து நோய்களைப் பார்க்கும் கருவிகள் வந்துவிட்டன.

உணவுமுறையும் நகலெடுக்கப்பட்டது. சிறுநீரில் மேப்பிள் பாகு வாசனை வரும் நோயை 1954இல் பாஸ்டனில் ஜான் மென்கிஸ் விவரித்தார். அதற்கு வேறு மூன்று அமினோ அமிலங்களைக் கட்டுப்படுத்தும் உணவை நியூயார்க்கில் செல்மா ஸ்னைடர்மன் 1960களில் உருவாக்கினார். வழி பி.கே.யு.வின் வழிதான். பொறுக்கி எறியும் மணி மட்டும் வேறு.

பிழைகளும் நேர்ந்தன. ஃபினைல்அலனின் நஞ்சு என்று எண்ணித் தொடக்க காலத்தில் சில இடங்களில் அதை அளவுக்கு மீறிக் குறைத்தார்கள். அது உடலுக்கு இன்றியமையாத பொருளும்கூட; போதாதபோது உடல் தன் தசையையே கரைத்துக்கொள்ளும். குழந்தைகள் மெலிந்தார்கள், சிலர் இறந்தார்கள். அளந்து கொடுக்கும் கலை அப்படித்தான் பிறந்தது. பிறகு, ஆறு வயதுக்குள் மூளை வளர்ந்துவிடுகிறது, இனிப் பத்தியம் போதும் என்று நிறுத்தினார்கள். அந்தப் பெண்கள் வளர்ந்து தாயானபோது அதிர்ச்சி காத்திருந்தது. நோய் இல்லாத கருவும் தாயின் இரத்தத்தில் மிகுந்த ஃபினைல்அலனினால் சிதைந்து, சிறுத்த தலையோடும் இதயக் குறையோடும் பிறந்தது. 1980இல் வெளியான பெரிய கணக்கெடுப்பு அதை ஐயமின்றிக் காட்டியது. கருவுறும் முன்பே பத்தியத்துக்குத் திரும்ப வேண்டும் என்றானது. 2000இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் கருத்தரங்கம் ஆயுள் முழுக்கப் பத்தியம் என்று பரிந்துரைத்தது.

தட்டில் மீதி என்ன வைப்பது? கடும் நோயுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 200 முதல் 500 மில்லிகிராம் ஃபினைல்அலனின்தான் தாங்கும். ஒரு கிராம் புரதத்தில் ஏறக்குறைய 50 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு முட்டையிலேயே முந்நூறைத் தாண்டிவிடும். நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 350. நூறு கிராம் துவரம்பருப்பில் ஆயிரத்துக்கும் மேல். வயிறு நிறைய வேண்டும், புரதம் சேரக் கூடாது. ஐரோப்பாவில் இதற்கு வழி காட்டியது சிறுநீரக மருத்துவம். 1960களில் இத்தாலிய மருத்துவர்கள் ஜியோர்டானோவும் ஜியோவன்னெட்டியும் சிறுநீரக நோயாளிகளுக்குப் புரதம் குறைந்த உணவைப் பரப்பினார்கள். புரதம் நீக்கிய மாவில் செய்த ரொட்டியும் பாஸ்தாவும் அவர்களுக்காகச் சந்தைக்கு வந்தன. பி.கே.யு. குழந்தைகளின் தாய்மார்கள் அதைக் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

நம் ஊரில் அந்த இடத்தை ஜவ்வரிசி பிடித்தது. நூறு கிராம் ஜவ்வரிசியில் அரைக் கிராம் புரதம்கூடக் கிடையாது. அதன் பயணமும் நீண்டதுதான். தென் அமெரிக்கக் கிழங்கான மரவள்ளியைப் போர்ச்சுகீசியர் கடல் தாண்டிக் கொண்டுவந்தார்கள். 1880களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அதைப் பயிரிட ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றது. 1943 வாக்கில் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், பினாங்கில் தொழில் தெரிந்துவந்த போபட்லால் ஷாவோடு சேர்ந்து உள்ளூர்க் கிழங்கிலேயே ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். சேலம் ஜவ்வரிசியின் தலைநகரானது. பாயசத்துக்கும் வடகத்துக்கும் என்று செய்த சரக்கு இது. ஜவ்வரிசி உப்புமா, கூவைக்கிழங்கு மாவுக் கஞ்சி, பருப்பு போடாத பூசணிக் கூட்டு என்று ஒரு பி.கே.யு. குழந்தையின் நாள் இன்று இவற்றைக் கொண்டு ஓடுகிறது.

தொடக்கத்தில் சொன்ன அந்த எச்சரிக்கை வரிக்கு வருவோம். 1965இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஷ்லாட்டர் வயிற்றுப்புண் மருந்து ஆராய்ச்சியில் இருந்தபோது, தாள் புரட்ட விரலை நக்கினார், இனித்தது. அதுவே ஆஸ்பர்டேம். அதன் பாதி ஃபினைல்அலனின், ஆகவேதான் எச்சரிக்கை. அண்மைக் காலத்தில் நல்ல தற்செயலும் நிகழ்ந்தது. பாலாடைக்கட்டி செய்ய ரென்னெட் என்ற நொதியைச் சேர்க்கும்போது கேசீனிலிருந்து ஒரு துண்டு பிரிந்து மோர்நீரில் போய்விடுகிறது. அந்தத் துண்டில் ஃபினைல்அலனினே இல்லை! அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைக் கொண்டு ஓரளவு நாக்குக்கு ஒத்துவரும் உணவு செய்யலாம் என்று காட்டினார்கள். கரியில் வடித்த அதே பால்புரதத்திலேயே விடை இருந்திருக்கிறது. நொதிக்குத் துணைசெய்யும் மாத்திரை 2007இலும், நொதிக்கு மாற்றான ஊசி மருந்து 2018இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. எல்லாருக்கும் அவை பலிப்பதில்லை. பத்தியம் இன்னும் ஓய்வு பெறவில்லை.

இந்தியாவில் 1980இலேயே பெங்களூரில் ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்தது. 2021இல் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, சிறப்பு உணவால் கட்டுப்படுத்தக்கூடிய நோய்களை ஒரு தனிப் பிரிவாகவே பட்டியலிட்டது, அதில் பி.கே.யு.வும் மேப்பிள் பாகு நோயும் உண்டு. 2022இல் நிதியுதவியின் உச்சவரம்பு 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் சோதிக்கும் நாடு தழுவிய கட்டாயத் திட்டம் இன்னும் இல்லை. அறிவியல் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தன் வேலையை முடித்துவிட்டது. எஞ்சியிருப்பது பிரசவ அறையிலிருந்து ஆய்வகம் வரையுள்ள தொலைவு.

ஆகவே, உங்கள் வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது என்றால், பிறந்து இரண்டு, மூன்று நாளில் எடுக்க வேண்டிய குதிகால் இரத்தச் சோதனை அந்த மருத்துவமனையில் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். சொந்தத்தில் மணந்தவர்களும், காரணம் தெரியாமல் சிசுவை இழந்த குடும்பத்தினரும் கட்டாயம் கேளுங்கள். பத்தியத்தில் இருக்கும் குழந்தை உங்கள் வீட்டு விருந்துக்கு வந்தால், ஒரு வாய்தானே என்று பருப்பையோ பால்கோவாவையோ ஊட்டாதீர்கள். அதன் தாய் அளந்து வைத்ததை மட்டும் பரிமாறுங்கள்.